கழுத்து உயரத்தில் ஒரு வயர்

கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று எல்லாரும் பயந்த காலம். எனக்கு அதனால்தான் வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று சொல்லத்தான் வெட்கம்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். கப்பல், ரயில், முகாம் எல்லாம் முடிந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அக்கா வீட்டில் ஒதுங்கினோம். ஒரே அறை. அக்கா, அத்தான், பிள்ளைகள், அம்மா, நான். நான் கால் நீட்டினால் அங்கே அத்தான் தலை இருக்கும். அம்மா தினக்கூலிக்குக் கொழுந்து பறித்தார். நான் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனுக்குக் கையாள். நிரந்தர வேலைக்குப் பெயர் பதிந்தால்தான் எங்களுக்கு எஸ்டேட்டில் தனி லைன் வீடு. (சிலோனில் காம்பரா என்போம். பெயர்தான் வேறு. ஒழுகுவது ஒன்றுதான்.)

"என்ன மச்சான், இன்னிக்காவது பதிஞ்சாங்களா?" என்று அத்தான் தினமும் கேட்பார். அவர் தலைக் கவலை அவருக்கு.

அப்போதுதான் ஆபீஸுக்கு அந்த மெஷின் வந்தது. சின்னது. டிவியும் டைப்ரைட்டரும் ஒட்டிப் பிறந்த மாதிரி. கோயமுத்தூர் ஆள் அதை மேனேஜர் மேசையில் வைத்தார். மெஷினோடு வந்த வயர் மேசையை விட்டு இறங்கவில்லை. பிளக் பாயின்டோ அதே அறையில், வாசல் கதவுக்கு அந்தப் பக்கம், ஆள் உயரத்தில்.

"வயர்ல ஒட்டுப் போடக் கூடாதுங்க. நடுவுல எக்ஸ்டென்ஷன் பெட்டி வைக்கக் கூடாதுங்க. ஒரே வயரா நீளமாச் செஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

எலக்ட்ரீஷியன் லீவு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா சிலோன், சனிக்கிழமை முதலாளி வர்றாரு. அன்னிக்கு இது ஓடுச்சுன்னா உம்பேரப் பதியச் சொல்லிப்போடறேன்."

"ஓடலேன்னா சார்?"

"அதையும் நானே சொல்லோணுமா?"

வயர் கதவு நிலைக்கு மேலே ஏறி, சுவரோரமாக வந்து, மேசையில் இறங்க வேண்டும். அளக்க டேப் இல்லை. அம்மாவின் மட்டக்கம்பால் அளந்தேன். (கொழுந்தைச் சமமாகப் பறிக்கச் செடி மேல் கிடத்தும் கம்பு. அம்மா அதைச் சிலோனிலிருந்தே கட்டி எடுத்து வந்திருந்தார். அண்டா குண்டாவை விட்டுவிட்டு.) ஏழு கம்பு.

பிளக் எங்கும் கிடைக்கும். மெஷினுக்குள் செருகும் அடுத்த முனைதான் சிக்கல். அதில் மூன்று சப்பை ஓட்டைகள். மாதிரிக்கு மெஷினோடு வந்த வயரைக் கேட்டேன். மேனேஜர் தரவில்லை. அங்கேயே வைத்து அந்த முனையைச் சவர்க்காரத்தில் அழுத்தி அச்சு எடுத்தேன். (இங்கே சோப்பு என்பார்கள்.) எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதுதான் கடைசிப் பெருமை.

மறுநாள் அம்மா கம்போடு வேலைக்குப் போய்விட்டார். அக்காவும் கொழுந்து பறிப்பவர்தான், அன்று லீவு. கடையில் வயர் அளக்க அக்காவின் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பு என்றால் கம்புதானே.

குன்னூர்க் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டி முனையைக் கொடுத்தார்.

"அண்ணே, இதுல ஓட்டை உருண்டை. எனக்குச் சப்பையா வேணும்."

"உருண்டைதானுங்க நல்லாப் பிடிக்கும். கொண்டுபோய் மாட்டிப் பாருங்க."

ஊட்டியில் இறங்கியதும் மழை. கடையில் நின்று சட்டைப் பையில் கை விட்டேன். நுரை வந்தது. அச்சு போய்விட்டது.

"ஏனுங்க, சோப்பு விக்க வந்தீங்களா?"

விரலால் படம் போட்டுக் காட்டினேன். அவர் யோசித்து, வளைகுடாச் சாமான் விற்கும் கடை கூடலூரில் இருக்கிறது என்றார். மறுபடி பஸ். மறுபடி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கம்பு பக்கத்து ஆளைக் குத்தியது. அவர் என்னைத் திட்டினார். நான் மனதுக்குள் மேனேஜரைத் திட்டினேன்.

கூடலூர்க் கடைக்காரர் மலையாளி. பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"இது கெட்டிலோட முனையாக்கும். வெள்ளம் சூடாக்குற கெட்டில். கெட்டில் எடுத்தா வயரும் தரும்."

"கெட்டில் வேணாம் சேட்டா. முனை மட்டும்."

"எரிஞ்சுபோன கெட்டில் ஒண்ணு உண்டு. அதோட முனை மதியோ?"

"மதி, மதி." (போதும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவுதான்.)

வயரும் அங்கேயே வாங்கினேன். எவ்வளவு நீளம் என்றார். ஏழு கம்பு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கம்பைக் கொடுத்தேன். அளந்து வெட்டினார்.

சனிக்கிழமை காலை பிளக்கையும் முனையையும் பூட்டி, வயரைக் கதவு நிலைக்கு மேலே ஏற்றினேன். மேசைக்கு எட்டவில்லை. அக்காவின் கம்பு அம்மாவின் கம்பைவிட நாலு விரல் குட்டை. சிலோன் கம்பு நீளம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வேறு வழியில்லை. நேராக இழுத்தேன். எட்டியது. கதவுக்குக் குறுக்கே, கழுத்து உயரத்தில், கம்பி மாதிரி விறைத்து நின்றது. மெஷினின் திரை பச்சையாக எரிந்தது. அதே நேரம் வெளியே கார் சத்தம்.

சிலோனில் தோட்டத்துத் துரை வந்தால் நாம்தான் குடையைச் சுருக்கி, ஓரம் நின்று, குனிய வேண்டும். என் தாத்தா குனிந்தார். அப்பா குனிந்தார். நான் என்ன செய்தேன்? முதலாளி மேனேஜரோடு பேசிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். வயர் அவர் தொண்டைக்கு நேராக இருந்தது. கத்திவிட்டேன்.

"துரை! குனிஞ்சு வாங்க!"

மேனேஜர் முகம் கருகிய தேயிலைத் தூள் நிறத்துக்குப் போனது. முதலாளி வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, குனிந்து, உள்ளே வந்தார். நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க மேனேஜர், மேசைய அந்தப் பிளக்குக்குக் கீழ போட்டா ஆகாதுங்களா?"

அது வெள்ளைக்காரத் துரை காலத்து மேசை. மலைக்கு ஏற்றபடி ரோடு போடுவோம். மலையை நகர்த்த யாருக்குத் தோன்றும்?

நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். மெஷினோடு வந்த வயரே போதுமானதாக இருந்தது. மிச்சமும் இருந்தது.

"என்னையக் குனிய வெச்ச ஆளு யாருங்க?"

"சிலோன்காரன் சார். தினக்கூலி. இன்னிக்கே நிறுத்திடறேன்."

"பேரப் பதிங்க. வெளிய உட்டா எந்த யூனியன்லயாவது சேந்து தினமும் குனிய வெப்பான்."

லைனில் கடைசி வீடு கிடைத்தது. அந்த நீள வயர் அங்கே துணி காயப்போடும் கொடியானது. வீட்டு நிலை குட்டை. பால் காய்ச்சிய அன்று முதலில் நுழைந்த அத்தானின் நெற்றி நங்கென்று மோதியது. அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"துரை, குனிஞ்சு வாங்க."

இப்போது சொந்த வீடு. நிலை நல்ல உயரம். யாரும் குனிய வேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பேத்தி அதையேதான் கத்துகிறாள். வருகிறவர்களும் எதற்கென்று தெரியாமலே குனிந்துதான் வருகிறார்கள்.