மயிலி பெற்ற மூத்த பிள்ளை

எதையும் முறைப்படி செய்கிறவனை நம்பி வீட்டை ஒப்படைக்கலாம். ஆட்டை ஒப்படைக்கக் கூடாது. இதை நான் என் ஐம்பத்தொன்பதாவது வயதில், இடுப்பில் வேட்டி இல்லாமல், சம்பந்தியம்மாள் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

நான் ஒரு நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டு குப்பை கொட்டியவன். (நிஜக் குப்பை அடுத்த அறை, அது சுகாதாரப் பிரிவு.) என் கையெழுத்து இல்லாமல் அந்த ஊரில் ஒரு குழந்தை சட்டப்படி பிறக்க முடியாது, ஒரு பெரியவர் சட்டப்படி சாகவும் முடியாது. செத்தவரே நேரில் வந்து நின்றாலும், உரிய இணைப்பு இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்றதும் சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற வழியில் இருந்த எங்கள் தோட்டத்துக்கே குடிபோனோம். அங்கே என் மனைவி ராமுத்தாய் செம்மறி வளர்த்தாள். பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, கம்பி வேலி, இருபது பெட்டை, இரண்டு கிடாய். நிர்வாகம் ராமுத்தாய். நான் ஆலோசகர். யாரும் ஆலோசனை கேட்காத ஆலோசகர்.

முந்தின வருஷம் மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வந்து, அந்த ஈத்தில் ஒரு குட்டிகூடத் தங்கவில்லை. ராமுத்தாய் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொழுது விடிந்தால் கொட்டகையில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள். ஆகவே இந்த வருஷத்து ஈத்தை, எங்கள் மகள் செல்வியின் தலைப்பிரசவத்துக்கு இணையாக எதிர்பார்த்திருந்தாள். இரண்டும் சொல்லிவைத்ததுபோல ஒரே வாரத்தில் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்விக்கு வலி கண்டது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கார் கிளம்புகிற நேரம், ராமுத்தாய் ஒரு காலைக் காருக்குள்ளும் ஒரு காலைத் தோட்டத்திலும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு நாலு ஈனும்போல இருக்கு. செவலை, சுட்டி, கொம்பி, மயிலி. மடி எறங்கிருச்சு."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்னா ஒண்ணும்தேன். அதுகளா ஈனும், அதுகளா நக்கும், குட்டிக அதுகளா எந்திரிச்சு சீம்பாலு குடிக்கும். நீங்க வேலிக்கு வெளிய நாக்காலியப் போட்டு உக்காந்து நாய் வராமப் பாத்துக்கங்க. அம்புட்டுத்தேன்."

சும்மா இரு என்று சொன்னால் அரசு ஊழியன் உடனே கீழ்ப்படிவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பணியில் இருக்கும்வரைதான். ஓய்வு பெற்ற மறுநாளே அவனுக்கு வேலை செய்கிற வெறி பிடித்துவிடும். கார் பள்ளத்துப் பாலத்தைத் தாண்டியிருக்காது, நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். அட்டையில் 'ஈத்துப் பதிவேடு' என்று எழுதினேன். வரிசை எண், தாயின் பெயர், பிறந்த நேரம், பாலினம், எடை, அடையாளக் குறி, குறிப்புரை. தகப்பன் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டேன். இரண்டு கிடாயில் எது என்று விசாரிக்க வழியில்லாததால் அதை மட்டும் வெறுமனே விட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செவலை தொடங்கிவைத்தது. அடுத்து சுட்டி, அதற்கு இரட்டை. பிறகு கொம்பி. பதினொன்றரைக்கு மயிலி. அஞ்சு குட்டியும் பழுதில்லாமல் விழுந்தன. அத்தோடு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

சிக்கல், 'அடையாளக் குறி' என்கிற கட்டத்தில் வந்தது. இரும்புக் கேட்டுக்கு அடித்ததுபோக மிச்சமிருந்த நீலப் பெயின்டால் குட்டியின் முதுகில் எண் எழுதுவது என் திட்டம். ஆனால் பிறந்த குட்டியோ கொழகொழவென்று ஈரமாக இருந்தது. தாய் நக்கிக் காயவைக்கட்டும் என்று காத்திருக்கலாம். எத்தனை நேரம் ஆகும் என்று எந்த விதியிலும் இல்லை. தவிர, நாக்கால் நக்கிச் சுத்தம் செய்வது என் சுகாதார அறிவுக்கு ஒப்பவில்லை. ஆகவே ஒவ்வொரு குட்டியும் விழுந்த கையோடு வேட்டி மடிப்பில் ஏந்திக்கொண்டு போய், வராண்டாவில் மூங்கில் கூடைக்குள் வைத்தேன். நஞ்சுக்கொடியை எல்லாம் உடனுக்குடன் குழிதோண்டிப் புதைத்து, மேலே பிளீச்சிங் பவுடர் தூவினேன். (நகராட்சி ரத்தம்.) அஞ்சும் சேர்ந்ததும் வெந்நீர் விளாவி, செல்வியின் பிரசவத்துக்கென்று வாங்கிவைத்திருந்த சந்தன சோப்பைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினேன். துவட்டினேன். பவுடர் போட்டேன். பிறகு எண் எழுதினேன். இரட்டைக்கு 2/1, 2/2. கோப்புக்கு உபஎண் கொடுக்கிற முறைதான்.

கொட்டகையில் நாலு தாயும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு நன்றி சொல்லுகின்றன என்று நினைத்தேன்.

மணமணக்கும் அஞ்சு குட்டியையும் கொண்டுபோய் அதனதன் தாய்க்கு முன்னால் விட்டேன். செவலை ஓடி வந்தது. முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டி மடியைத் தேடிப் பின்னால் போனதும் ஒரே முட்டு. குட்டி வைக்கோலில் போய் விழுந்தது. சுட்டி இரண்டையும் முட்டியது. கொம்பி முன்னங்காலால் தரையை உதைத்து எச்சரித்தது. மயிலி கிட்டவே வரவில்லை. மயிலி, ராமுத்தாய் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டின் வழி வந்தது. பெட்டைகளில் அவளுக்கு உயிர் அதுதான்.

நான் பதிவேட்டை எடுத்து, குறிப்புரையில் 'தாய்மார்கள் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன்.

அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரி வாசல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ராமுத்தாய்.

"ஏங்க, பேத்தி பொறந்திருக்கா!"

"நேரம்?"

"பதினொண்ணே முக்கா."

"எடை?"

"ரெண்டே முக்கா கிலோ. பெத்தவ எப்படி இருக்கான்னு கேக்க மாட்டீகளா?"

"குறிப்புரைக்குக் கேக்கத்தான் போறேன். செல்வி எப்படி இருக்கா?"

"ரெண்டு பேரும் சொகம். அங்கன என்னாச்சு?"

"நாலும் ஈனிருச்சு. அஞ்சு குட்டி. எல்லாத்தையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நம்பர் எழுதி முடிச்சாச்சு."

 

"என்னது... குளிப்பாட்டியா?"

"வெந்நீர்லதான் ராமு. சந்தன சோப்பு."

"பாலு குடிச்சுச்சுகளா?"

"அது இன்னும் ஆரம்பிக்கல."

"யோவ்!"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "ஆடு கண்ணால பாத்தா புள்ளைய அறியும்? மூக்காலதேன்யா அறியும்! அது வாசத்த பூராத்தையும் கழுவிவிட்டுட்டு வந்து நிக்கிறீகளே! சீம்பாலு எறங்கலேன்னா பொழுது சாயுறதுக்குள்ள அஞ்சும் போயிரும். போன வருஷந்தேன் நோயி வந்துச்சு. இந்த வருஷம் நீங்க வந்துட்டீகளா?"

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்துவிட்டது. எத்தனையோ மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை பேனாவை மூடிவைத்தேன்.

"பாண்டிக்குப் போனப் போடுறேன். அவன் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீக. உங்க கையையும் கழுவாதீக!"

பாண்டி அவள் தம்பி. அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம். அரைமணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கியவன், கொட்டகைக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்தான்.

"என்ன மச்சான், ஆட்டுக் கொட்டகையா கல்யாண வீடா?"

"பாண்டி, வேடிக்கை பேசுற நேரமில்ல. என்ன செய்யணும்?"

"நஞ்சு எங்கன? அதை எடுத்துக் குட்டி மேல தடவுனா தாய் சேத்துக்கிரும்."

"புதைச்சுட்டேன்."

"தோண்டுங்க."

"பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கேன்."

பாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "படிச்சவுக படிச்சவுகதேன்" என்றான்.

பிறகு அவன் சொன்னபடி செய்தோம். தாயைத் தூணில் கட்டி, சீம்பாலைக் கறந்து குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, மேலே உப்பைத் தூவினோம். உப்பு ருசிக்கு ஆடு நக்கும்; நக்க நக்கத் தன் பால் வாசம் ஏறும்; ஏறினால் சேர்த்துக்கொள்ளும். செவலை கால்மணி நேரத்தில் இறங்கி வந்தது. கொம்பியும் வந்தது. சுட்டி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இன்னொன்றை யோசனையில் வைத்திருந்து, கடைசியில் அதையும் ஏற்றது.

"பாத்தியா பாண்டி, நான் நம்பர் போடலேன்னா எது யாரு குட்டின்னு தெரிஞ்சிருக்குமா?" என்றேன். தோல்வியிலும் நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

"நீங்க கழுவலேன்னா அதுகளுக்கே தெரிஞ்சிருக்கும் மச்சான்."

மிச்சம் மயிலி. உப்பை மட்டும் நக்கிவிட்டுக் குட்டியை முட்டித் தள்ளியது. திரும்பத் தூவினோம், திரும்ப முட்டியது. குட்டி எழுந்திருப்பதை நிறுத்திவிட்டது. தலை தொங்கிவிட்டது. நான்கு மணி ஆகியிருந்தது. பாண்டிகூடக் கிண்டலை விட்டுவிட்டான். ஒருமுறை மடியில் பிடித்து ஊட்டிவிடலாம். அதற்கப்புறம் தாயில்லாமல் அதை யார் கரையேற்றுவது? ராமுத்தாய் வந்து முதலில் கேட்கப்போவது மயிலியைத்தான். நான் குட்டியைத் தூக்கப் போனேன்.

அப்போது மயிலி, கட்டியிருந்த கயிறு எட்டுகிற மட்டும் என்னிடம் வந்தது. என் வேட்டியை முகர்ந்தது. அடித்தொண்டையில், குட்டியைக் கூப்பிடும்போது மட்டும் வருகிற ஒரு முனகல் எழுந்தது. பிறகு என் முழங்காலுக்கு மேலே நக்க ஆரம்பித்தது, அத்தனை ஆசையாக.

"மச்சான்! அது உங்களத்தேன் புள்ளைன்னு நெனைக்குது!"

விஷயம் இதுதான். அஞ்சு குட்டியையும் குளிப்பாட்டிய நான் மட்டும் அன்றைக்குக் குளிக்கவில்லை. கடைசியாக மயிலியின் குட்டியை ஏந்திய அதே வேட்டி, அந்த ஈரம் காய்ந்து மொடமொடவென்று, இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது. என் சேவைக்காலத்திலும் அதற்குப் பிறகும் நான் நிலுவையில் வைத்த ஒரே காரியம் அந்தக் குளியல். அதுதான் உபயோகப்பட்டது.

"அவுருங்க வேட்டிய!" என்றான் பாண்டி. அவிழ்த்தேன். குட்டியைச் சுற்றினோம். மயிலி வேட்டியை முகர்ந்து, என்னை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்து, வேட்டிக்குள் மூக்கை விட்டு நக்கத் தொடங்கியது. குட்டி மெல்லத் தலையைத் தூக்கியது. நான் பட்டாபட்டி டிராயரோடு, மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கார் வந்து நின்ற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

பேத்தி சனிக்கிழமையில் பிறந்ததால், குச்சனூர் சனீஸ்வரன் கோவிலில் எள் தீபம் போட வேண்டுமென்று சம்பந்தியம்மாள் கிளம்பியிருக்கிறார். செல்வியை மாப்பிள்ளை பொறுப்பில் விட்டுவிட்டு அதே காரில் ராமுத்தாயும் வந்திருக்கிறாள். வழியில் தோட்டம்; இறங்கிச் சம்பந்தியிடம் நல்ல செய்தியைத் தன் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மிட்டாய்ப் பெட்டியோடு நேரே கொட்டகைக்கே வந்துவிட்டார் அந்த அம்மாள். அங்கே சம்பந்தி டிராயரில். சம்பந்தியின் வேட்டியில் ஆட்டுக்குட்டி.

பெட்டியைக் கீழே வைத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "பேத்தி பொறந்திருக்கா" என்று தூணிடம் சொன்னார். தூணின் சார்பில் நான், "ரொம்ப சந்தோசம்" என்றேன்.

ராமுத்தாய் என்னைப் பார்க்கவில்லை. மயிலியைப் பார்த்தாள். அந்த நேரம் குட்டி தள்ளாடி எழுந்து, வேட்டியை இழுத்துக்கொண்டே மடியைத் தேடிப் போய் வாயை வைத்தது. மயிலி முட்டவில்லை. குட்டியின் வால் துடித்தது. ராமுத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. எதற்குச் சிரித்தாள், எதற்கு அழுதாள் என்று பிரித்துப் பதிய என்னிடம் கட்டம் இல்லை.

அஞ்சும் பிழைத்தன. ஈத்துப் பதிவேட்டின் மிச்சப் பக்கங்களில் பாண்டி திராட்சை மடித்துக் கொண்டுபோனான். செல்வி வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் வரைக்கும் பேத்தியை என் கையில் கொடுக்கவில்லை. கொடுத்த அன்றும், "இப்படியே குடுக்கோம், இப்படியே திருப்பிக் குடுத்துரணும்" என்று நிபந்தனை போட்டே கொடுத்தார்கள். பாண்டி வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் என்னை மயிலி பெற்ற மூத்த பிள்ளை என்றுதான் அறிமுகப்படுத்துகிறான்.

அதாவது பரவாயில்லை. நான் குளித்துவிட்டுச் சந்தன சோப்பு மணக்க வெளியே வரும்போதெல்லாம், ராமுத்தாய் கிட்டே வந்து ஒரு மூச்சு இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையைக் காலால் ஓர் உதை உதைத்து, "இது நம்ம வீட்டுது இல்லையே" என்பாள். உடனே பேத்தி அடுப்படிக்கு ஓடிப்போய் உப்புச் சாடியை எடுத்து வருவாள்.

தலையைக் குனிந்து காட்டுவதைத் தவிர இதற்கு வேறு நடைமுறை இல்லை.