கூப்பன் வரிசையில் மூன்று அந்நியர்கள்

மனித குலத்தில் தள்ளுபடிக் கூப்பன் அச்சிடுவோர் என்றோர் இனம் உண்டு. அவ்வினத்தாரை நீங்கள் மளிகைக் கடையில், பணம் செலுத்தும் வரிசையில், உங்களுக்கு நேர் முன்னால், நீங்கள் மிகவும் அவசரத்தில் இருக்கும் நாளில் மட்டுமே காண்பீர்கள்.

அமெரிக்காவில் எங்கள் ஓஹாயோ மாநிலத்தில் இவ்வினம் செழித்து வளர்கிறது. ஒரு கணினியிலிருந்து ஒரு கூப்பனை இரண்டு முறைதான் அச்சிடலாம் என்பது நிறுவனங்களின் விதி, ஆகவே இவர்கள் விடியற்காலையில் தம் வீட்டில் இரண்டு, முற்பகலில் தேவாலய அலுவலகத்தில் இரண்டு, பல்லே வலிக்காமல் பல் மருத்துவரிடம் சென்று அங்கே இரண்டு என்று ஊரைச் சுற்றி வந்து, மாலையில் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், "எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்று கண்ணைத் துடைத்த கையோடு, "உங்க பிரின்டர்ல மை இருக்கா?" என்றும் விசாரிப்பார்கள். வாங்கும் பொருள் தேவைதானா? அதைக் கேட்பவர் இவ்வினத்தைச் சேர்ந்தவரல்லர்.

எங்கள் டெட்வைலர் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து வருபவன் நான். நேரில் காணாததையும் சரிபார்க்காததையும் எழுதுவதில்லை. கீழ்வரும் நிகழ்ச்சியில் நானே வரிசையில் மூன்றாவதாக நின்றேன்.

என் சிற்றப்பா மகன் வெர்னின் மனைவி ஆர்லீனிடம் கடுகு சாஸ் கூப்பன்கள் பன்னிரண்டு இருந்தன. அன்றுதான் கடைசி நாள். ஒரு வீட்டுக்கு நான்கு கூப்பன்கள் மட்டுமே என்று கடையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு சாதாரணப் பெண் என்ன செய்வாள்? எட்டைக் கிழித்துப் போடுவாள். ஆர்லீன் குடும்பத்தைக் கிழித்தாள்.

எங்களை யாரும் அறியாத பக்கத்து ஊர்க் கடைக்கு வண்டியை ஓட்டிச் சென்று, வாசலில் நிறுத்தி, ஆளுக்கு நான்கு கூப்பன்களைக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. உள்ள போனா நீ யாரோ, நான் யாரோ. வெர்ன், என்னப் பார்த்துச் சிரிச்சுத் தொலைக்காத."

"சிரிச்சு ரொம்ப நாளாச்சு. கவலைப்படாத" என்றான் வெர்ன்.

வெர்னுக்கு ஒரு சோகம் உண்டு. அவனுக்குப் பிடித்த காப்பி சிவப்பு டப்பாவில் வருகிறது. அந்த நிறுவனம் கூப்பனே வெளியிடுவதில்லை. எனவே மணமான நாள்முதல், கூப்பன் கிடைத்த காப்பியையே அவன் குடித்து வந்தான். பூசணி மணத்தில் குடித்தான். தேங்காய் மணத்தில் குடித்தான். காப்பி மணத்தில் மட்டும் குடித்ததில்லை.

அன்று வரிசையில் ஆர்லீனின் நான்கு புட்டிகளுக்குப் பின்னால் வெர்னின் நான்கு புட்டிகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு சிவப்பு டப்பாவும் வந்தது.

ஆர்லீன் வாயைத் திறந்தாள். அந்தச் சமயம் பார்த்து, பல் மருத்துவரின் பிரின்டரில் மங்கலாக அச்சான கூப்பனை இயந்திரம் படிக்க மறுத்தது. கல்லாவில் இருந்த பெண் மேலாளரை அழைத்தாள். அவர் வந்து மூன்று கடுகுக் குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் ஒரே வீடா?"

"இவரா? இந்த மனுஷன என் ஜென்மத்துல பார்த்ததில்ல" என்றாள் ஆர்லீன்.

"நானும் பார்த்ததில்லைங்க. பார்த்திருந்தா மறக்கிற முகமா அது?" என்றான் வெர்ன்.

சொல்லிவிட்டு ஒரு கணம் திகைத்து நின்றான். அவள் திருப்பித் திட்டவில்லையே! திட்டினால் மனைவி; மனைவியானால் கூப்பன் போச்சு. இந்த உண்மை அவன் முகத்தில் சூரியோதயம்போல் பரவியதை நான் கண்ணாரக் கண்டேன். கையை நீட்டி, பக்கத்து அடுக்கிலிருந்து இன்னொரு சிவப்பு டப்பாவை எடுத்து வைத்தான்.

"இந்தம்மாவோட வீட்டுக்காரர் பாவம்ல?" என்று கல்லாப் பெண்ணைக் கேட்டான்.

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தங்கமான மனுஷனாத்தான் இருக்கணும்."

ஆர்லீன் கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "இவ்வளவு விலை குடுத்துக் காப்பி வாங்குற ஆம்பளைங்களுக்கு வீட்டுல கேக்க ஆளில்ல போல."

"இருக்காங்க அம்மணி. இன்னிக்கு மட்டும் கேக்க மாட்டாங்க" என்று மூன்றாவது டப்பாவை வைத்தான்.

மேலாளர் ஆர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் திருமணமும் கடுகும் கடும்போர் புரிந்தன. கடுகு வென்றது.

வெளியே வந்ததும் ஆர்லீன் வண்டியில் ஏறிக் கதவுகளைப் பூட்டினாள். வெர்ன் தட்டினான். கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது.

"முன்னபின்ன தெரியாதவங்கள நான் வண்டியில ஏத்துறதில்ல."

வெர்ன் கடுகுப் பையைக் கையில் தொங்கவிட்டு, டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாக நடக்கத் தொடங்கினான். நானும் நடந்தேன், நானும் அந்நியன்தானே? சற்று நேரத்தில் வண்டி எங்களை ஒட்டி ஊர்ந்து வந்தது.

"கடுகை மட்டும் உள்ள போடு!"

"அதெப்படி? காசு குடுத்தது நானு, அம்மணி. வீட்டுக்கு வந்து என்கூட ஒரு வாய் காப்பி குடிச்சீங்கன்னா, யோசிக்கலாம்."

கதவு திறந்தது. அன்று மாலை ஆர்லீன் சிவப்பு டப்பாக் காப்பியை முகம் சுளித்தபடி வாயில் வைத்தாள், சுளிப்பு நின்றது, இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டாள். வெர்ன் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதுக்குக் கூப்பன் எப்பப் போடுவாங்க?"

வாசகரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். இவ்வினத்தோடு உங்களுக்கு உறவில்லை என்றும் எண்ணுகிறீர்கள். மகிழ்ச்சி. ஒரு செய்தி: என் பங்குக் கடுகு சாஸை நான்கு புட்டிகளாக அப்படியே வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. முதலில் கேட்பவருக்கு இலவசமாகவே தருவதாக இருக்கிறேன்.

என் முகவரியைத் தேடி இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களே, ஏன்?