செல்வராசுவுக்கு நான் சொன்ன சாட்சி

சட்டத்தை அரைகுறையாகப் படித்தவனால் அவனுக்கு ஆபத்து வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் வரும். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உள்ளே போனது மட்டும் வேறொருவன்.

அறுபதுகளில் நான் நெய்வேலியில் பள்ளிக்கூட வாத்தியார். சட்டசபை சட்டம் போடும், சர்க்கார் நடத்தும், கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு விளக்குவேன். (அதுவரை ஒரு கோர்ட்டின் வாசலைக்கூட மிதித்ததில்லை.) குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. பக்கத்து வீட்டில் செல்வராசு. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பர்மனென்ட் ஆவதற்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. அந்தக் கார்டை அவன் மனைவி அஞ்சலை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் ஒரு தள்ளுமுள்ளு. ஒரு மேஸ்திரி அடிவாங்கினார். போலீஸ் பிடித்த நாலு பேரில் செல்வராசுவும் ஒருவன். ஆனால் அடிதடி நடந்தபோது அவன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவே இல்லை.

"நீங்க அத்த மட்டும் சொன்னா போதும் சார்" என்றான் செல்வராசு.

போதுமா? நான் ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து சட்டப் புத்தகம் படித்தேன்.

கடலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கூண்டேறினேன். செல்வராசு வைத்திருந்த நம் வக்கீல் கேட்டதற்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். பிறகு சர்க்கார் வக்கீல் சிரித்த முகத்துடன் எழுந்தார்.

"சாருக்குச் சட்டம்லாம் தெரியும் போலிருக்கே?"

"ஓரளவுக்குத் தெரியுங்க." (நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.)

"ஒருத்தன் தற்காப்புக்காக அடிச்சா அது குற்றமா?"

"இல்லவே இல்லீங்க. சட்டமே அனுமதிக்குது."

"அப்போ செல்வராசு தற்காப்புக்காகத்தான் அடிச்சான்?"

இவ்வளவு நல்ல சட்டப்பாதுகாப்பை அவனுக்கு வாங்கித் தராமல் விடுவதா? "ஆமாங்க! மேஸ்திரிதான் முதல்ல கையை ஓங்கினார்!" என்றேன்.

நம் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லீங்க, அவன் அடிக்கவே இல்லீங்க" என்று கூவினேன்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இதில் எது உண்மை?"

"ரெண்டும்ங்க."

கோர்ட்டே சிரித்தது. செல்வராசு மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். நான் நம்பத் தகாத சாட்சி என்று தீர்ப்பில் எழுதினார்கள். கோர்ட்டு கலையும் வரை அவனுக்குச் சிறை. அந்த அறையின் மூலையிலேயே சாயங்காலம் வரை குந்தவைத்தார்கள். சின்னத் தண்டனைதான். ஆனால் தண்டனை தண்டனைதானே. இன்டர்வியூவுக்குப் போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று கோர்ட்டு வராந்தாவில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். "நீங்க நல்லாத்தான் பேசினீங்க சார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல. அவர எப்ப வுடுவாங்க?" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். இன்றுவரை அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

செல்வராசு கடைசிவரை கான்ட்ராக்டிலேயே இருந்தான். பல வருஷம் கழித்து அவன் மகள் ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்பியதால் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். என்னையும் அழைத்திருந்தான். மூன்று சாட்சிகள் வேண்டும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று, மூன்றாவது ஆளைக் காணோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்தேன்.

செல்வராசு மெதுவாக என் கையைப் பிடித்தான். "சார் குந்தட்டும். நான் ரோட்ல போய் யாரையாச்சும் கூட்டிகினு வரேன்."

சைக்கிள் கடைக்காரர் ஒருவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். கல்யாணம் செல்லுபடியாயிற்று. இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பத்திரத்துக்குச் சாட்சி தேவைப்பட்டாலும் என் பிள்ளைகள் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, ரோட்டில் யார் போகிறார்கள் என்று பார்க்கப் போய்விடுகிறார்கள்.