இன்சீனில் ஒரு பிறந்த வீடு

வயதான ஓர் அம்மாவைப் பொய் வீட்டின் முன் நிறுத்தி அழவைத்தவன் நான். மறைக்க ஒன்றுமில்லை.

பர்மாவில், யாங்கோன் நகரில் டாக்சி ஓட்டுகிறேன். அன்று ஓட்டலில் ஏறியவர் இங்கிலாந்து நகைச்சுவை நடிகை. எண்பது தாண்டியவர். இங்கே பிறந்து ஏழு வயதில் கப்பலேறியவர். வளர்த்த ஆயா தமிழச்சி. அதனால் தமிழ் பேசினார். (என் மகளைவிட நன்றாக.)

"நாப்பது வருஷம் வேலக்காரி வேஷம்டா. தட்டோட வருவேன், விழுவேன். சனம் சிரிக்கும். ஒருக்கா நெசமாவே கை முறிஞ்சிச்சு. அதுக்கும் சிரிச்சாங்க."

"இப்ப நடிக்கிறதில்லையாம்மா?"

"முட்டி மடங்கல. விழ முடியாட்டி யாரு கூப்பிடுவா?"

பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நகரை ஒட்டிய இன்சீன், ரயில்வே குடியிருப்பு, பின்னால் மாமரம். அவ்வளவுதான் நினைவு. மறுநாள் விமானம்.

மூன்று மணி நேரம் சுற்றினோம். கண்ணாடியில் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மாமரம் தெரிந்த ஒரு வீட்டின் முன் பிரேக் போட்டேன்.

"இதாம்மா."

வீட்டுக்காரி டோ மியா வெளியே வந்தார். ஆமாம் என்று சொல்லும்படி பர்மியத்தில் கெஞ்சினேன். விருந்தாளி மனம் நோகும்படி "இல்லை" என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. ஆநாடே என்பார்கள் அந்தக் கூச்சத்தை. டோ மியா தலையாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், "இவங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். (அவருக்கு வயது முப்பது.) அதையும் தமிழில் சொன்னேன்.

அம்மா சுவரைத் தடவி அழுதார். நானும் அழுதேன்.

பிறகு நிமிர்ந்தார். வாசலுக்கு மேலே, வீடு கட்டிய வருஷம் சிமெண்டில் பெரிதாக இருந்தது. எனக்குக் கல்யாணமான வருஷம்.

"டேய், இந்த வீட்டுக்கு உன்னவிட வயசு கம்மிடா."

பக்கத்து வீட்டுக்காரரைக் காணோம். டோ மியா தேநீர்த் தட்டோடு சிலையாக நின்றார். அம்மா அந்தத் தட்டை வாங்கி இரண்டு எட்டு வைத்தார். தட்டு சாய்ந்தது. கோப்பை சறுக்கியது. இடுப்பு வளைந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. தெருவே சிரித்தது.

திரும்பும்போது கேட்டேன். "கோவமாம்மா?"

"ஊருக்கெல்லாம் நான் நடிச்சேன். எனக்காக யாரும் நடிச்சதில்லடா." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நீ மகா மட்டம்" என்றார்.

இன்றும் நான் யாருக்காவது வழி சொன்னால், "வாசல்ல வருஷம் பாத்தீங்களா?" என்கிறாள் மனைவி. டோ மியா அந்த அம்மாவின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கு, நடிகை பிறந்த அறை என்று ஓர் அறையையே காட்டுகிறார். போன மாதம் எனக்கும் காட்டினார்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.