அறுபது ஜிபி இறங்கு படலம்

மீதமுள்ள நேரம்: நூற்று முப்பத்தேழு மணி.

இவ்வாறு திரையில் எழுந்ததைக் கண்டும் கலங்காதவளை, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி கண்டும் கலங்காதவளை, மூன்றாம் முறை கண்டு லேசாகக் கலங்கியவளை வாழ்த்தித் தொடங்குகிறோம். வாழ்க வீட்டுக்கு மூத்தவள்! வானியல் முதுகலை இரண்டாம் ஆண்டின் அணையா விளக்கு. கோடானுகோடி கல் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களை நிறம் பார்த்தே இனம் பிரிக்க வல்லவள். அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதை மட்டும் என்றும் அறியாதவள்.

அவள் வேண்டியது பொன்னன்று, பொருளன்று. வானத்தின் ஒரு மூலையைப் படம்பிடித்த அறுபது ஜிபி. அதை ஆய்வாளர்கள் டோரன்ட் முறையில் பகிர்ந்திருந்தார்கள். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கணினிகள் தத்தம் கையிலுள்ள துண்டுகளை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் முறை அது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படங்களைப் பேராசிரியை முன் திறந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தொலைநோக்கியில் அவளுக்கு ஒதுக்கிய இரவுகள் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். இன்று வெள்ளி மாலை. வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவே நூற்று முப்பத்தேழு மணியை மடித்து வைக்க எந்த அறிவியலும் வழி சொல்லவில்லை.

இப்படங்களின் முதற் பாகம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது வந்த வேகம் இருக்கிறதே! கரை உடைத்த ஏரி போலப் பாய்ந்தது. அம்மா வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுக் கடைக்குப் போனதையும் அறியாமல், உச்சி வெயில் ஏறும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அன்று முதல் அம்மாவும் மனம் கனிந்து, மோட்டார் போட்டு நிறுத்தும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டாள். "நீ படிக்கிற பொண்ணு. அந்த சுவிட்ச் பக்கமே போகாத, நான் பாத்துக்கறேன்." இப்படி ஒரு தாயைப் பெற்றவள் தோற்கலாமா?

மூத்தவள் எழுந்தாள். ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, உயிர்ப்பித்தாள். அணைந்த விளக்குகள் ஐந்தும் விழித்தன, வேகம் விழிக்கவில்லை. ரவுட்டரை மேசையிலிருந்து அலமாரி உச்சிக்கு ஏற்றி முடிசூட்டினாள். அரசன் உயர்ந்தான், குடிகள் உயரவில்லை. காற்றை நம்பாமல் கூடத்திலிருந்து அறை வரை கேபிள் இழுத்தாள்; அதில் அம்மா தடுக்கி, "கால உடைக்கவே படிக்க வச்சேனாடி?" என்று முழங்கினாள். டோரன்ட் மென்பொருளுக்குத் தனி வாசல் திறந்தாள், தன் பக்கம் வெளியே அனுப்பும் அளவைக் குறைத்தாள். நூற்று முப்பத்தேழு நூற்று நாற்பத்தொன்றாக வளர்ந்தது.

சனிக்கிழமை காலை, வாடிக்கையாளர் சேவை என்னும் பெருங்கதவைத் தட்டினாள். இருபது நிமிடப் புல்லாங்குழலுக்குப் பின் அங்கிருந்து ஓர் அருள்வாக்கு இறங்கியது: "லைன்ல ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

சினந்தவள் மொட்டைமாடிக்கு ஏறினாள். இணையக் கேபிளை மூலை முதல் மூலை வரை விரலால் தடவி ஆராய்ந்தாள். மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தங்கள் தொட்டிக்கு ஒரு பச்சை ரப்பர் குழாய் பாம்பாய்க் கிடந்தது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அதைத் தாண்டினாள். காணவில்லை. நுண்ணறிவு நுண்ணியதையே காணும்.

கீழே வந்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திரையில் திறந்தபோதுதான் பகைவன் தென்பட்டான். அவள் கணினி, அம்மா போன், அப்பா போன் ஆகியவற்றோடு நான்காவதாக, பெயரே இல்லாத ஒரு கருவி. அது எதையும் இறக்கவில்லை. ஓயாமல் எதையோ மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. வெளியே போகும் பாதை முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டதால், "துண்டு வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்று அவள் கணினி எழுதும் ஓலைகள் வாசலிலேயே தேங்கின. ஓலை வராததால் உலகத்துக் கணினிகள் எல்லாம் கைகட்டி நின்றன.

"ஆஹா!" என்றாள் மூத்தவள். கடவுச்சொல்லை மாற்றினாள். வேகம் துள்ளியது. ஒன்பது மணி நேரம் போதும் என்றது திரை.

அம்மா வந்தாள். "ஏண்டி, என் போன்ல நெட்டு வரல. புதுசா என்ன வச்ச? மெதுவா சொல்லு. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

சொன்னாள். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனாள். கொடியில் துணி இல்லை. அரை மணியில் பெயரிலி திரும்பி வந்தான்.

இரண்டாம் கடவுச்சொல் ஒரு விண்மீன் மண்டலத்தின் பெயரும் தொலைவும் சேர்ந்தது. மூன்றாவது, பேராசிரியையின் பெயர் தலைகீழாக. ஒவ்வொரு முறையும் அம்மா கேட்டாள், அவள் சொன்னாள், மாடியில் இல்லாத துணி காய்ந்தது, பெயரிலி வந்தான். மூன்று பூட்டையும் அரை மணிக்கொன்றாக உடைத்தவன் சாமானியன் அல்லன், கடல்கடந்து பயின்ற கணினிக் கள்வனாகவே இருக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள். அவளுக்கு உள்ளூர ஒரு மரியாதைகூட வந்தது.

இறுதியாக, மாலை வெயில் சாயும் வேளையில், பிரம்மாஸ்திரத்தை எடுத்தாள். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே பொறித்த எண் ஒன்று உண்டு. கடவுச்சொல் தெரிந்தாலும் அந்த எண்ணைத் தடுத்தால் நுழைய முடியாது. தடுத்தாள். பெயரிலி மறைந்தான். அண்டசராசரமும் அவள் மடியில் கொட்டலாயிற்று. ஏழு மணி நேரம்! ஆறே முக்கால்! மூத்தவள் நாற்காலியில் சாய்ந்து, இரு கைகளையும் தலைக்குப் பின் கோத்து, ஒரு பிஸ்கட்டை முழுதாக வாயில் போட்டாள்.

அப்போது குளியலறையிலிருந்து ஒரு பேரொலி எழுந்தது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் அப்பா, முழங்கை வரை மையோடு வந்து, தலை முதல் கால் வரை சோப்பு பூசி, குழாயைத் திருகியிருந்தார். குழாய் பெருமூச்சு விட்டது.

"தண்ணி வரல! யாராவது மோட்டாரைப் போடுங்க! கண்ணு எரியுது!"

அதே கணம் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினாள் மேல்வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா ஆட, தையல் பாடம் நடத்திப் புகழ் பெறத் துடிப்பவள். வாசலில் நின்று அம்மாவை நோக்கிப் பிரகடனம் செய்தாள்:

"அக்கா, என் வீடியோ தொண்ணூறு பர்சன்ட் ஏறி நின்னு போச்சு. நீங்க நெட்டை எடுத்தீங்க, நான் குழாயை எடுத்துட்டேன். நெட்டு குடுத்தா தண்ணி. அதுதானே நம்ம பேச்சு?"

மூத்தவளின் அறிவுக்கண் திறந்தது. பெயரிலி தெரிந்தான், பச்சைப் பாம்பு தெரிந்தது, கொடியில் இல்லாத துணி தெரிந்தது. கோட்டைக் கதவு மூன்று முறையும் உள்ளிருந்தே திறக்கப்பட்டிருக்கிறது! ஆயினும் அவள் தளரவில்லை. வென்றதை விட்டுக்கொடுக்க அவள் என்ன பைத்தியமா?

"நமக்குத்தான் மோட்டார் இருக்கே! அவங்க தண்ணி நமக்கு எதுக்கும்மா?"

இவ்வாறு கூறி, ஏழு மணி நேரத்தின் ஏகபோக அரசி, வானத்தின் அறுபது ஜிபியையும் தந்தையின் இரு கண்களையும் ஒரே விரலால் காக்கப் பிறந்தவள், கூடத்தை மூன்றே எட்டில் கடந்து, சுவரிலிருந்த மோட்டார் சுவிட்சை நோக்கி வலக்கையை உயர்த்த, அம்மா குறுக்கே பாய்ந்து அந்தக் கையைப் பற்றி, குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்து, இனி மறைத்துப் பயனில்லை என்று தெளிந்து, உரக்கவே சொன்னாள்:

"போன ஞாயித்துக்கிழமை நீ நிறுத்த மறந்ததுல மோட்டார் எரிஞ்சு போச்சுடி."