எண்ணாமல் விட்ட ஆறு கம்பிகள்

பகல் கனவு காண்கிறவர்களிடம் எண்ணுகிற வேலையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மாமியார் வீட்டு ஹாலை வந்து பாருங்கள்.

நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் இருந்த நேரம். காரைக்குடியில் என் வருங்கால மாமனார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் (படித்து முடித்து ஆறே மாதம்). கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போவதில் அத்தைக்கு இஷ்டமில்லை. எனக்கோ வீட்டில் சும்மா உட்கார முடியாது. மாமாதான் வழி சொன்னார்.

"வீட்டு ஒயரிங்குக்கு நீயே பிளான் போட்டுக் குடு ஆத்தா. நல்லா வந்துருச்சுன்னா ஒங்க அத்தை வாயத் தெறக்க மாட்டா."

ஒரு மதியம் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். ஃபேன் முனகிக்கொண்டிருந்தது. 'நியூட்ரலை (கரண்டு திரும்பி வரும் கம்பியை) எண்ண வேண்டியதில்லை' என்றது புத்தகம். அவ்வளவுதான், கண் மெல்ல வரைபடத்தின் கிழக்கு ஜன்னலுக்கு நழுவியது. அங்கே நின்று தலை காயவைத்தேன். வெளியே தூறல். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் காபி கொண்டுவந்தார் (இன்றுவரை கொண்டுவந்ததில்லை). அந்தத் தூறலிலேயே அடுத்த வரியைப் படிக்காமல் விட்டேன். அந்தச் சலுகை கம்பி எவ்வளவு சூடாகும் என்ற கணக்குக்கு, அதுவும் சில இணைப்புகளுக்கு மட்டும். கம்பி போகிற குழாயில் இடம் பார்க்கும்போது எல்லாக் கம்பியையும் எண்ண வேண்டும் என்று அதில் இருந்தது.

ஹாலுக்குப் போகவேண்டியவை பன்னிரண்டு கம்பிகள். நான் ஆறு போகிற குழாயை எழுதிக் கொடுத்தேன். அதை உள்ளே வைத்துக் கூரைத் தளமும் போட்டுவிட்டார்கள்.

கம்பி இழுக்கும் நாளில் எலக்ட்ரீசியன் பாண்டி அண்ணன் ஏணியிலிருந்து கூப்பிட்டார்.

"இன்ஜினியரம்மா, ஏழு போயிருச்சு. எட்டாவது முக்குது. மிச்சத்த எங்குட்டு விட?"

"மொத்தமே ஆறுதானே அண்ணே?"

"போன கரண்டு திரும்பி வர வேணாமா?"

சோப்பு தடவினோம், தேங்காய் எண்ணெய் விட்டோம். கம்பி அசையவில்லை. கடைசியில், பாதிக் கம்பிகளுக்கு வெள்ளை வெளேரென்ற கூரையின் நடுவே, வெளியே தெரியும்படி இன்னொரு குழாய் ஓட்டினார்கள். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அத்தை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்க, கல்யாணத்துக்கு அப்பறம் இவ வேலைக்கே போகட்டும்."

"என்னடி திடீர்னு?" என்றார் மாமா.

"வீட்டுல சும்மா இருந்தா மிச்ச வீட்டையும் எண்ணிருவா."

மறு மாதமே வேலையில் சேர்ந்தேன். இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்திக்கு ஆள் எண்ணப் போனால், என் மகளே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறாள்.

"நீங்க இருங்கம்மா. பாதிப் பேர விட்ருவீக."