ஆறு மேஜைகளும் ஒரு குழாயும்

பொதுமக்களின் நலன் கருதி மாட்டுங்காவில் ஒரு குழாய் அலுவலகம் இயங்கி வந்தது. 1968-ல் அதன் அதிகாரி வெங்கடராமன், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது பற்றித் தாதரில் ஒரு வெள்ளைக்காரர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. "அதனால் என்ன? அது வரும்போது நாம தயாரா இருக்க வேண்டாமா?" என்றார். ஆகவே அங்கிருந்த ஆறு பேரை இணைப்பதென்று முடிவாயிற்று. மேஜைக்கு ஒரு டெலிபோன் வந்தது. எழுந்து அடுத்த மேஜைக்குப் போய்ப் பேசுவது நவீன நிர்வாகத்துக்கு முரணானது என்று உத்தரவும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தாராவியில் இட்லி விற்கும் முப்பிடாதியம்மாள் வந்து சேர்ந்தாள்.

"எங்க சந்துல பைப்பு துருப்பிடிச்சு ஒடஞ்சு போச்சு சாப். புதுசாத்தான் போடணும்னு உங்க ஆளு சொல்லிட்டுப் போனாவ. மாவாட்டத் தண்ணியில்ல."

"உடனே கவனிக்கிறோம்" என்று வெங்கடராமன் போனை எடுத்தார்.

ஆறு மேஜைக்கும் ஒரே கம்பி. ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் பேசினால் யாருக்கும் கேட்கவில்லை. முப்பிடாதியம்மாளின் குழாயும், டைப்பிஸ்ட் ராஜலக்ஷ்மியின் தங்கைக்கு வந்த வரனும் கம்பியில் கலந்துவிட்டன. "குழாயை எப்பப் பெண் பார்க்க வர்றாங்க?" என்று கேட்டார் குமாஸ்தா கரீம் பாட்சா.

வெங்கடராமன் கம்பியை வட்டமாக மாற்றினார். கேட்டதைப் பக்கத்து மேஜைக்கு மட்டுமே சொல்லலாம். மூன்றாம் மேஜைக் கோமதிநாயகத்துக்கு அம்மை போட்டது. அவர் மேஜையைத் தாண்டிச் சொல்ல விதியில் இடமில்லை.

"குழாய் அவர் மேஜையில நிக்குதும்மா. அம்மை இறங்கட்டும்" என்றார் கரீம் பாட்சா.

பிறகு எல்லாக் கம்பிகளையும் நடுவில் ராஜலக்ஷ்மியிடம் கொண்டுவந்தார்கள். இது நட்சத்திர முறை. அவள் இணைத்தால்தான் யாரும் யாரோடும் பேசலாம்.

"இப்ப முடியாது சார். நான் டிபன் சாப்பிடணும்."

"நான் அதிகாரிம்மா."

"அதுக்காகத்தான் சார் சொல்லிட்டுப் போறேன். மத்தவாளுக்குச் சொல்றதே இல்லை."

கடைசியில் வலை முறை. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி. மேஜைமேல் பேனா வைக்க இடமில்லை. ஆனால், சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை நடந்தது! ஆறு பேரும் பேசினார்கள், ஆறு பேரும் சம்மதித்தார்கள்.

"உங்க குழாய் மஞ்சூர் ஆயிடுத்து, அனுமதி கிடைச்சாச்சு" என்றார் வெங்கடராமன்.

முப்பிடாதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாயிருப்பிய சாப். எப்பம் போடுவிய?"

கரீம் பாட்சா இருமினார். "பைப் இல்லையேம்மா."

"கொல்லையில அடுக்கியிருந்துதே! நானே பாத்தேனே!"

அவர் மேலே பார்த்தார். அவளும் பார்த்தாள். எலி கடிக்காமலிருக்க அத்தனை கம்பிகளையும் இரும்புப் பைப்புக்குள் ஓட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் பைப், கூரையெல்லாம் பைப். எல்லாம் அவள் சந்துக்கு வந்தவை.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் சந்தே வந்து காலிக் குடங்களோடு உட்கார்ந்தது. வெங்கடராமனுக்கு வியர்த்தது. ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு, சந்துக்கு ஒரு டெலிபோன் வழங்கினார்.

"தண்ணீர் வராதபோதெல்லாம் நேரடியா எங்களுக்கே சொல்லலாம்!"

சந்து எழுந்து கை தட்டியது. போனுக்கு மாலை போட்டு, முப்பிடாதியம்மாள் வாசலில் வைத்தார்கள். அவள் தினமும் பக்கத்துச் சந்தில் தண்ணீர் இரவல் வாங்கி வந்து முதலில் போனைத் துடைத்தாள். பிறகு, "வரல சாப்" என்றாள். "பதிவு செய்துகொண்டோம்" என்று பதில் வந்தது. இரு தரப்புக்கும் திருப்தி.

அடுத்த வாரம் பக்கத்துச் சந்துக்காரர்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அவங்களுக்கு மட்டும் டெலிபோனா? எங்களுக்கு வெறும் தண்ணிதான சாப் வருது!"

கோரிக்கை நியாயமானதென்று உத்தரவு அன்றே கையெழுத்தாயிற்று. கம்பிக்குப் பைப் வேண்டுமே? அவர்கள் குழாயைத் தோண்டி எடுப்பதென்று முடிவாயிற்று. தோண்ட ஆள் போதவில்லை என்றதும், சந்துக்காரர்களே கடப்பாரையோடு வந்துவிட்டார்கள்.